முட்டிவலி

காரைக்குடி செக்காலை ரோட்டில்
செல்போன் கடைக்கு மேலே மாடி.
பலகையில் கழுத்து, முதுகு, தோள்பட்டை, முட்டி.
நான் வந்த இடம் அதில் இல்லை.
பெஞ்சில் நாலு பெண்கள்.
எதுக்கு வந்தீங்க என்று ஒருத்தி கேட்க
முட்டிவலி என்றேன்.
எனக்கும் அதுதான் என்றாள்,
இருபத்திரண்டு படியை விறுவிறுவென்று ஏறி வந்தவள்.

"தவமணி" என்று கூப்பிட்டார்கள்.
ஜெசிந்தா. என் மூத்தவளைவிட
நாலு வயது கூட இருந்தால் அதிகம்.
கதவைச் சாத்தினாள். திரையை இழுத்தாள்.
"தும்முனா வருதா?" என்றாள்,
உங்க ஊர்ல மழை வருதா என்பதுபோல.

பதினெட்டு வருஷமாக வருகிறது,
நடுப்பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்ததிலிருந்து.
"எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள்
தேவகோட்டையில் தையல் போட்ட நர்ஸ்.
எது எல்லாம் என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் இடுப்பெலும்பைக் கையில் எடுத்து
"இதுக்கு அடியில ஒரு தளம் இருக்கு" என்றாள்.
தளம் என்றால் எனக்குத் தெரியும்.
கானாடுகாத்தான் ஹோட்டலில்
முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை
ஆத்தங்குடிக் கல்லை எண்ணெய் தொட்டுத் துடைப்பவள் நான்.
இது அந்தத் தளம் இல்லையாம்.
தூளி மாதிரி, முன்னெலும்பில் ஒரு முனை,
வாலெலும்பில் ஒரு முனை,
நடுவில் தசை
மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல்
மூன்றையும் ஏந்திக்கொண்டு.

நாற்பத்துமூன்று வருஷம் என்னோடு இருந்தும்
பெயர் தெரியாத ஒன்று.
அந்தப் பக்கத்துக்கு ஊரில் இருக்கும் சொல்லையெல்லாம்
சண்டையில்தான் கேட்டிருக்கிறேன்.

கையுறை மாட்டினாள்.
"வேண்டாம்னா இப்பவே சொல்லலாம்.
நடுவுலயும் சொல்லலாம்."
நடுவில் சொல்லலாம் என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.

"மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ள இழுங்க."
அடக்குவதில் நான் பரீட்சையே எழுதலாம்.
ஹோட்டலில் பதினான்கு அறை, பதினான்கு கழிப்பறை,
வெள்ளைப் பீங்கான், தினமும் நான் தேய்ப்பது.
எங்களுக்கு உள்ளது மாமரம் தாண்டி
ஜெனரேட்டருக்குப் பின்னால்,
தாழ்ப்பாள் இல்லாதது.
காலை எட்டிலிருந்து மாலை ஐந்து.

இழுத்தேன்.
பல்லைக் கடித்து, வயிற்றை எக்கி,
கால் கட்டைவிரல்வரை இழுத்தேன்.
"அக்கா, மூச்சை விடுங்க. இப்ப அதையும் விட்டுருங்க."
விட்டுவிட்டேன் என்றேன்.
"இல்ல. இன்னும் பிடிச்சிருக்கீங்க."

மின்விசிறி மெதுவாகச் சுற்றியது.
முந்தானை முடிச்சு தானாக அவிழ்வதுபோல
எங்கோ உள்ளே, கொஞ்சம்.
அழவில்லை. கண் ஒழுகியது.
இதுக்கும் பயிற்சி இருக்கா என்றேன்.
சிரித்தாள்.
"விடத் தெரிஞ்சாத்தான் அக்கா, பிடிக்க வரும்."

இப்போது பஸ்ஸில் பழகுகிறேன்.
பள்ளத்தூரில் ஆள் ஏறி முடிக்கும்வரை பிடித்து
வண்டி நகர்ந்ததும் விட்டு.
கோட்டையூர் வேகத்தடைக்கு முன்னால் ஒரு பிடி.
கண்டக்டர் சில்லறை கேட்கிறார்;
எட்டு எண்ணி முடித்துவிட்டுக் கொடுக்கிறேன்.

"முட்டி எப்படி இருக்கு?" என்கிறார் வீட்டுக்காரர்.
மடங்குது என்கிறேன்.

ஆறாவது வாரம்
ஹோட்டல் அடுப்படியில் மிளகாய் வறுத்தார்கள்.
நெடி இரண்டாம் கட்டுக்கு வந்தது.
தும்மலுக்கு முந்திக்கொண்டு இழுத்துப் பிடித்தேன்.
முதலாவது, ஒன்றுமில்லை.
இரண்டாவது, ஒன்றுமில்லை.
மூன்றாவதை எதிர்பார்க்கவில்லை.
ஒரு சொட்டு, இரண்டு.
பழைய நாளாக இருந்தால் பாவாடையே மாற்றவேண்டும்.

ஏழாம் நம்பர் அறை,
பிரெஞ்சுக்காரர்கள் காலையில் காலி செய்தது.
உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.
பாதி எழுந்து நிற்காமல்
அவள் சொன்னபடி முழுசாக உட்கார்ந்தேன்,
இரண்டு பாதமும் தரையில்.
முக்கவில்லை.
வெளியே சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.
கூப்பிடட்டும் என்று இருந்தேன்,
கடைசிச் சொட்டுவரை.

பிறகு அதைத் தேய்த்துக் கழுவினேன்.
அது என் வேலை.